நான்கு வருஷமாக எங்கள் வீட்டில் கிர்ஸ்டன்

2021-ல் அமெரிக்கன் கேர்ள் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் தன் 35-வது ஆண்டுக்காகப் பழைய ஆறு பொம்மைகளையும் முதலில் வந்த அதே உடையில் திரும்பக் கொண்டுவந்தபோது மகளுக்கு கிர்ஸ்டனை வாங்கினேன். விலை 150 டாலர். அப்போது அவளுக்கு ஏழு வயது. 1986-ல் வந்த முதல் மூன்று பொம்மைகளில் கிர்ஸ்டனும் ஒருத்தி. அவளுடையது, 1854-ல் ஸ்வீடனிலிருந்து வந்து அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறும் பெண்ணின் கதை.

பின்னல்தான் இதில் பெரிய விஷயம். நம் பள்ளிக்கூட ரெட்டை ஜடை மாதிரியே மடித்துக் கட்டியிருப்பார்கள். ஆறு மாதம் அவிழ்க்கவே விடவில்லை. அப்புறம் ஒரு நாள் நான் சமையலில் இருந்தபோது மகளே அவிழ்த்துவிட்டாள், முடி நெளிநெளியாக விழுந்தது அவ்வளவு அழகு, ஆனால் இரண்டு ராத்திரி அப்படியே கட்டிப்பிடித்துத் தூங்கியதில் பிடரியில் சிக்கு விழுந்துவிட்டது. சாதாரண சீப்பு வேண்டாம். கம்பி பிரஷ்ஷில், லேசாகத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து மேலே வாருங்கள், கண்ணுக்குள் ஈரம் போகாமல் முகத்தில் ஒரு துணி கட்டிக்கொண்டு. உடம்பு துணியும் பஞ்சும், குளிப்பாட்டவே கூடாது.

வேறு எங்கோ வாங்கிய கருநீலச் சட்டையை ஒரு வாரம் மாட்டிவைத்ததில் கழுத்தோரம் சாயம் ஏறிவிட்டது. அது இன்னும் போகவில்லை. அடர்நிறத் துணியை விளையாடி முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

அவளைப் பற்றிய கதைப் புத்தகத்தில் கிர்ஸ்டனின் தோழி மார்த்தா பயணத்திலேயே காலராவில் இறந்துபோவாள். அதைப் படித்த ராத்திரி மகள் ரொம்ப நேரம் பேசவில்லை, பொம்மையின் கழுத்து மாலையைத் திருகிக்கொண்டே படுத்திருந்தாள். மறுநாள் காலையில் மார்த்தாவுக்கும் ஒரு படுக்கை செய்து தரச் சொன்னாள், அட்டைப்பெட்டியில் செய்தோம். அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறோம்.

கொஞ்ச காலமே விற்ற பொருள் என்பதால் பலர் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மனசு கேட்கவில்லை, இது கையில் வைத்து விளையாடச் செய்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கழுத்தில் சாயம் இருக்கிறதா, பிடரி முடி எப்படி இருக்கிறது என்று கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். பொம்மையின் சின்ன மரக்கரண்டியும் கூட வருகிறதா என்றும் கேளுங்கள், முதலில் தொலைவது அதுதான்.