பிரேக் பிடிக்கக் கற்ற பிறகே காட்டுப் பாதை

பதினைந்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். அதனால், செஸ்நட் இயற்கைப் பூங்காவில் நடக்கும் பிள்ளைகளுக்கான மவுண்டன் பைக், அதாவது காட்டுப் பாதைச் சைக்கிள், வகுப்பில் என் மகளைச் சேர்த்தபோது, என் கண் முதலில் போனது பிரேக்கின்மேல்தான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அவள் கேட்ட ஒரே பரிசு இந்த வகுப்பு. நான்கு சனிக்கிழமைகளுக்கு 240 சிங்கப்பூர் வெள்ளி. சைக்கிள் வாடகை ஒவ்வொரு முறையும் 25 வெள்ளி. மலிவில்லை. குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் எட்டுப் பிள்ளைகளும் காட்டுக்குள் பாயத் துடித்தார்கள். பயிற்றுநர், முப்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண், ஒருவரையும் பாதைப் பக்கம் விடவில்லை. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, வேகமாக வந்து முன்சக்கரம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்றார். அதற்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்தார். என் மகளின் சுட்டுவிரல் பிரேக் பிடியை எட்டவே தவித்தது. அவர் பையிலிருந்து திருகைச் சுற்றும் சிறிய அறுகோணச் சாவியை, அதாவது அலன் கீயை, எடுத்து, பிடியோடு ஒட்டிய திருகை மெல்லச் சுற்றினார். பிடி விரலைத் தேடி உள்ளே வந்தது. “ஒரு விரல் பிரேக்குக்கு, மற்ற விரல்களெல்லாம் கைப்பிடிக்கு” என்றார். கட்டிய பணத்தில் பாதி எனக்கு அங்கேயே திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் வளைவுகள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, மரத்தைப் பார்க்காதே, போகும் வழியைப் பார். எங்களுக்கும் இதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்! என்ன, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு வருபவர்கள் சரிந்தால் புகார் வரும். இறக்கத்தில் இருக்கையை விட்டு எழ வேண்டும். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஈர வேரை நேர்குறுக்காகத் தாண்ட வேண்டும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

மூன்றாம் வாரம்தான் உண்மையான பாதை. செஸ்நட்டில் மவுண்டன் பைக்குக்கு மட்டும் 8.2 கிலோமீட்டர் இருக்கிறது. நடப்பவர்களுக்கு வேறு பாதை. முன்னால் ஒரு பயிற்றுநர், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் இன்னொருவர். பாதை பிரியும் இடத்தில் எல்லாரும் நின்று, சத்தமாக எண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

பெற்றோர் ஓரத்தில் நின்று கத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். மகள் செம்மண் சரிவில் இறங்குவதைப் பார்த்ததும் என்னை அறியாமல், “பிரேக் பிடிம்மா!” என்று கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டு முன்பிரேக்கை இறுக்கினாள். சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு. “நான் சரியாகத்தான் வந்தேன் அப்பா, நீங்கள்தான் கத்தினீர்கள்.” பயிற்றுநர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காயத்தைக் கழுவத் தண்ணீர் பாட்டிலை மட்டும் என் கையில் கொடுத்தார். சொல்லியிருந்தால் தேவலை.

இனி குறை. நான்காம் வகுப்பு இடி மின்னலால் பாதியில் நின்றது. அதில் தவறே இல்லை. மாற்றுநாளில் வேறொரு வாடகை சைக்கிள் கொடுத்தார்கள். பிரேக் பிடி மறுபடி எட்டாத தூரத்தில். அன்று பயிற்றுநர் இல்லை. உதவிக்கு வந்த இளைஞரிடம் சொன்னேன். “பழகிவிடும் அங்கிள்” என்றார். எப்படிப் பழகும்? பன்னிரண்டு வயதுக் கை ஒரு மணி நேரத்தில் வளர்ந்துவிடுமா? மகள் அன்று முழுக்க இரண்டு விரல்களால் எட்டிப் பிடித்து, மணிக்கட்டு வலியோடு வந்தாள். சைக்கிள் வாடகையையும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள்.

சொந்த சைக்கிள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்களிடம் கார் இல்லை. மடக்க முடியாத சைக்கிளை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்ற முடியாது. அப்படி வந்தவர்களை நானே எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

அடுத்த பிரிவுக்கும் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டேன், அதே பயிற்றுநர் வருவார் என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான். அலன் கீ ஒன்று வாங்கி என் பையில் போட்டிருக்கிறேன்.