முவே தாய் கற்கப் போகிறீர்களா? காவ் கேங் கடையா, ஃபிட்னஸ் கஃபேயா?

தாய்லாந்தின் புக்கெட்டிலும் சியாங் மாயிலும் முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை கற்பவர்கள் பெரும்பாலும் காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி செய்கிறார்கள். பசி சும்மா விடாது. பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்து ஃபிட்னஸ் கஃபேயா, உள்ளூர்க்காரர் சாப்பிடும் காவ் கேங் கடையா என்ற குழப்பம் முதல் வாரமே வரும். காவ் கேங் என்றால் சோறும் குழம்பும். வகை வகையாகச் சமைத்து வைத்திருப்பார்கள், கையைக் காட்டினால் போதும்.

விலை
காவ் கேங்: இரண்டு வகையோடு ஒரு தட்டு சுமார் 50, 60 பாட்.
கஃபே: கோழி நெஞ்சுக்கறியும் பழுப்பரிசிச் சோறும் 150 பாட்டைத் தாண்டும்.

சத்து
காவ் கேங்: சோறு அதிகம், கறி கொஞ்சம். முட்டை ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். தேங்காய்ப்பால் குழம்புக்குப் பதில் ‘தொம் ஜுட்’ என்ற தெளிந்த சூப் எடுக்கலாம். பல வகைகளில் சர்க்கரை சேர்ப்பார்கள். உடனே வதக்கித் தரும் கடையில் ‘மாய் சாய் நாம்தான்’ என்றால் சர்க்கரை போடமாட்டார்கள்.
கஃபே: புரத அளவைப் பல இடங்களில் பட்டியலிலேயே போட்டிருப்பார்கள்.

நேரம்
காவ் கேங்: மதியத்துக்குள் போய்விடுங்கள். மாலையில் மிஞ்சியதுதான் கிடைக்கும், வெயிலில் அதை நம்ப முடியாது.
கஃபே: கேட்ட பிறகு சமைப்பார்கள்.

போட்டிக்காக எடை குறைப்பவருக்கும், வேர்க்கடலையோ மீனோ ஒவ்வாதவருக்கும் கஃபேதான் சரி. மாதக்கணக்கில் தங்குபவருக்கு என் ஓட்டு காவ் கேங். அப்புறம், மாலையில் சுட்ட கோழி ‘காய் யாங்’, கூடவே பப்பாளிக்காய் சாலட் ‘சொம் தம்’. பயிற்சி முடிந்த உடம்புக்கு அதைவிட நல்ல சாப்பாடு அந்த விலையில் நான் பார்த்ததில்லை.