பாஸ்ட் டென்ஸ் சொல்லித்தர எந்த வழி: அட்டவணையா, தமிழா, கோடா, சம்பவமா?

ஞாயிறு பிற்பகல் ஊழியர் தங்கும் விடுதி வகுப்புக்கு வரும் வெல்டர், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து குடியேறிய அம்மா, துணைப்பாடத்துக்கு வரும் தொடக்கநிலை 5 பிள்ளை. சிங்கப்பூரில் தமிழர்களுக்கு ஆங்கில இறந்தகாலம் சொல்லிக்கொடுப்பவர்கள் முன்னால் உட்காருவது பெரும்பாலும் இந்த மூவரில் ஒருவர். மூவருக்கும் ஒரே பயிற்சித்தாளை நகலெடுத்துக் கொடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. பிழை வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது முளைக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு.

புழக்கத்தில் இருக்கும் வழிகள் நான்கு. வினையின் மூன்று வடிவங்களை ('கோ, வென்ட், கான்') அடுக்கும் வி1, வி2, வி3 அட்டவணை. தமிழோடு பொருத்திக் காட்டுவது. பலகையில் காலக்கோடு போடுவது. ஒரு சம்பவத்தைச் சொல்லவைப்பது.

அட்டவணையைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளுமே விதிக்கு அடங்காதவை. பீ, ஹாவ், டூ, சே, கோ, கெட் எதற்கும் 'எட்' ஒட்டாது. ஆக, மனப்பாடம் இல்லாமல் முடியாது. அட்டவணையின் குறை அதன் வரிசையில் இருக்கிறது. அகரவரிசையில் அச்சடித்தால் 'அரைஸ், அரோஸ், அரிசன்' முதலில் வந்து நிற்கும்; 'கம்' வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஓசைப்படி அடுக்கினால் பாதி வேலை குறையும்: புட், கட், ஹிட், ஷட், ஹர்ட் மாறாதவை, சென்ட், ஸ்பென்ட், லென்ட் ஒரு கூட்டம், பாட், பிராட், தாட், காட் இன்னொன்று. இருபது வினை போதும், மூன்று வாரத்துக்கு. அந்த மூன்று வாரமும் வி3 நிரலை மறைத்துவிடுவது நல்லது. கையில் இருந்தால் 'ஐ சீன்', 'ஐ டன்', 'ஐ கான்' என்று வாயில் வந்துவிடும்.

'எட்' ஓசைக்கும் அட்டவணை பதில் சொல்லாது. எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் 'குக்கெட்', 'வாஷ்ஷெட்' என்பார். தனி அசையாக ஒலிப்பது, வினை t ஓசையிலோ அதன் மெல்லிய இணையான d ஓசையிலோ முடியும்போது மட்டும்: வான்டிட், நீடிட். மற்ற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டே வரும்: குக்ட், கால்ட். தமிழ் நாக்கு கடைசியில் ஓர் உகரம் சேர்த்து 'வாக்டு' என்றால் அதைத் திருத்த மெனக்கெட வேண்டாம். காலம் காதில் விழுகிறதே, அது போதும். விழாமல் போவதுதான் ஆபத்து. வேலைத்தளத்தில் பலர் 'ஐ கால் ஹிம் யெஸ்டர்டே' என்று கடைசி ஓசையை விழுங்கியே பேசுவார்கள். அதையே நாள் முழுக்கக் கேட்பவருக்கு அதுதான் சரி என்று பதிந்துவிடும்.

அடுத்தது தமிழ் வழி. தொடக்கத்தில் இதைவிட வேகமானது எதுவும் இல்லை. போனேன் என்றால் வென்ட், போய்க்கொண்டிருந்தேன் என்றால் வாஸ் கோயிங், போயிருக்கிறேன் என்றால் ஹாவ் கான், போயிருந்தேன் என்றால் ஹாட் கான். ஒரே நாளில் நான்கு வடிவமும் முடிந்த மாதிரி இருக்கும். ஓட்டை தெரிவது அடுத்த வாரம். அதுவும் எங்கெங்கே என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் ஓட்டை 'போயிருந்தேன்'. "நேத்து தேக்கா போயிருந்தேன், செம கூட்டம்" என்பது நல்ல தமிழ். போய்விட்டுத் திரும்பிவந்தேன், இனி கதையைக் கேள் என்பதற்கு நாம் இப்படித்தான் பேசுகிறோம். அதை அப்படியே 'யெஸ்டர்டே ஐ ஹாட் கான் டு தேக்கா' என்று மாற்றினால், கேட்பவர் அடுத்து என்ன நடந்தது என்று காத்திருப்பார். 'ஹாட்' வந்தால் அதற்குப் பிந்திய இன்னொரு இறந்தகால நிகழ்ச்சி பக்கத்தில் இருக்கவேண்டும். இங்கே வேண்டியது வெறும் 'வென்ட்'. அலுவலக மின்னஞ்சல்களில் 'ஐ ஹாட் சென்ட்' நிரம்பி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம். படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். 'ஹாட்' போட்டால் மரியாதையாக இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

இரண்டாவது, "2019ல மலேசியா போயிருக்கேன்." தமிழ் ஆண்டையும் 'இருக்கேன்'ஐயும் ஒரே வாக்கியத்தில் அனுமதிக்கும். ஆங்கிலம் விடாது. 'சின்ஸ்' இல்லாமல் ஆண்டு, கிழமை, மணி எது வந்தாலும் 'ஹாவ்' வெளியே போகவேண்டும்: 'ஐ வென்ட் டு மலேசியா இன் 2019.' ஆண்டு சொல்லாமல் அனுபவத்தை மட்டும் சொன்னால் 'ஐ ஹாவ் பீன்'. 'ஹாவ் கான்' என்றால் ஆள் இன்னும் மலேசியாவிலேயே இருக்கிறார் என்று அர்த்தமாகிவிடும்.

மூன்றாவதைப் பாடநூல்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. "சின்ன வயசுல ஆத்துலதான் குளிப்போம்." பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினைவடிவத்தைப் பயன்படுத்துகிறோம். பொருத்திப் படித்தவர் 'வி வில் பாத் இன் த ரிவர்' என்பார். கேட்பவர் இனிமேல்தான் குளிக்கப் போகிறார்கள் என்று நினைப்பார். இதற்கு 'யூஸ்ட் டு' ஒன்றே போதும். 'வுட்' சொல்லிக்கொடுத்தால் குழப்பம் கூடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது எதிர்மறை. நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை, நாளைக்கு நான் வரவில்லை. மூன்றுக்கும் ஒரே 'வரவில்லை'. தமிழில் இந்தச் சொல்லுக்குள் காலம் இல்லை. ஆங்கிலத்தில் 'டிடின்ட்' காலத்தைச் சுமக்கிறது, வினை வெறுமையாக நிற்கிறது. உடன்பாட்டில் 'வென்ட்' என்று பழகியவருக்கு அந்த வெறுமை உறுத்தும். உடனே 'டிடின்ட் வென்ட்' என்று நிரப்பிவிடுவார். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் இது போகாது. ஒரு அட்டையில் 'வென்ட்', இன்னொன்றில் 'டிட்', மூன்றாவதில் 'கோ' எழுதி, 'டிட்' உள்ளே வந்தால் 'வென்ட்' கைக்கு வந்தாகவேண்டும் என்று மேசைமேல் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னால் போகும். கேள்விக்கும் அதே மூன்று அட்டைதான்.

ஆக, தமிழ் வழியை முழுப் பாடமாக வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இந்த நான்கு இடங்களில், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம், 'இங்கே தமிழை நம்பாதே' என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

காலக்கோட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிம்பிள் பாஸ்டுக்குக் கோடு தேவையில்லை. அழகாகக் காப்பி எடுப்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். அது உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு. 'வென் ஐ ரீச்ட், த லாரி லெஃப்ட்' என்றால் நான் வந்தேன், பிறகு லாரி கிளம்பியது. 'வென் ஐ ரீச்ட், த லாரி ஹாட் லெஃப்ட்' என்றால் லாரி ஏற்கெனவே போய்விட்டது, நான் தளத்துக்கு எப்படிப் போவது? கோட்டில் இரண்டு புள்ளி, லாரிப் புள்ளியை இடம் மாற்றினால் விளங்கிவிடும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' இருக்கும் வாக்கியத்தில் 'ஹாட்' பெரும்பாலும் தேவைப்படாது. வரிசையை அந்தச் சொற்களே காட்டிவிடும்.

பணியிட ஆங்கிலத்துக்கு எங்கள் தேர்வு நான்காவது வழி. தளத்தில் இறந்தகாலம் தேவைப்படுவதே சம்பவத்தைச் சொல்லத்தான்: மயிரிழையில் தப்பிய விபத்துக்கு 'நியர் மிஸ்' அறிக்கை, வேலைக்கு முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நேற்றைய வேலை, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்ததற்கு விளக்கம். ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள்:

'ஐ வாஸ் கட்டிங் எ பைப். த டிஸ்க் புரோக். எ பீஸ் ஹிட் மை ஃபேஸ் ஷீல்ட். ஐ ஸ்டாப்ட் த கிரைண்டர் அண்ட் கால்ட் த சூப்பர்வைசர். நோபடி காட் ஹர்ட்.'

இயல்பான வேகத்தில் ஒருமுறை வாசியுங்கள், பேனா மேசைமேல். இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கட்டும். பிறகு இருவர் இருவராகப் பத்து நிமிடத்தில் பத்தியை மீட்டெழுதட்டும். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடும்போது வினைகளை மட்டும் வட்டமிடுங்கள், எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். நடந்துகொண்டிருந்தது ஒன்று, அதைக் குறுக்கிட்டது மற்றது: 'வாஸ் கட்டிங்', 'புரோக்'. கோடு போட்டு விளக்கவேண்டியது இங்கே தானாகவே பிடிபடும்.

அந்தப் பத்தியில் 'யெஸ்டர்டே' இல்லாதது தற்செயல் அல்ல. காலத்தைக் காட்டும் தனிச்சொல் இருந்தால் கற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு வினையின் வாலைக் கவனிக்கமாட்டார். பில் வான்பேட்டன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1990களில் வலியுறுத்திய விஷயம் இது. 'வி செக் த ஸ்காஃபோல்டிங்', 'வி செக்ட் த ஸ்காஃபோல்டிங்' என்று மாற்றி மாற்றிச் சொல்லி, வழக்கமா, முடிந்ததா என்று கைதூக்கச் சொல்லுங்கள். முதல் நாள் பலர் தடுமாறுவார்கள்.

உடைந்தது, விழுந்தது, அடித்தது என்று சட்டென முடியும் வினைகளில்தான் கற்பவர்களுக்கு இறந்தகாலம் முதலில் ஒட்டுகிறது. தெரிந்தது, வேண்டியிருந்தது போன்ற நிலைவினைகளில் தாமதமாக வரும். சம்பவக் கதை அந்த வகையிலும் தோது.

குறை இல்லாமல் இல்லை. பத்தி எழுத ஆசிரியருக்குத் தளத்தின் சொற்கள் தெரியவேண்டும். இருவரில் ஒருவர் கெட்டிக்காரர் என்றால் அவரே எழுதி முடித்துவிடுவார். பேனாவை மற்றவர் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டில் படித்து வந்தவர்கள் சிலர் "கிராமரே நடத்தலையே சார்" என்பார்கள். அவர்களுக்காகவாவது கடைசிப் பத்து நிமிடம் அட்டவணை.

தொடக்கநிலை 5 பிள்ளைக்குக் கணக்கே மாறுகிறது. வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்கினால், தமிழோடு பொருத்துவது தெரிந்ததைவிட்டுத் தெரியாததற்குப் போவதாகும். அவர்களின் பிழை சிங்லிஷிலிருந்து, அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்திலிருந்து, வருகிறது: 'ஐ ஈட் ஆல்ரெடி', 'லாஸ்ட் டைம் வி ஸ்டே இன் யீஷூன்'. இரண்டாவதில் 'லாஸ்ட் டைம்' என்றால் 'முன்பெல்லாம்'; அதற்கு மருந்து அதே 'யூஸ்ட் டு'. கட்டுரையில் இறந்தகாலத்தில் தொடங்கி, உரையாடல் வந்ததும் நிகழ்காலத்துக்கு வழுக்குவார்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் பிறகு வரும் மூன்று வினைகளைச் சரிபார்க்கப் பழக்கினால் குறையும். வெல்டருக்கு அதிகம் தேவைப்படாத 'ஹாட்' இவர்களுக்குக் கட்டாயம். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் இரண்டாம் தாளில், வாக்கியங்களை மாற்றி எழுதும் சிந்தசிஸ் பகுதியில், நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'டிட்'ஐ 'ஹாட் டன்' ஆக்கவேண்டும், 'யெஸ்டர்டே'யை 'த டே பிஃபோர்' ஆக்கவேண்டும். அங்கே வி3 நிரலும் காலக்கோடும் வேலைக்கு ஆகும்.

அம்மாக்களுக்குச் சம்பவ வழிதான், ஆனால் இடம் கிளினிக். 'ஹி ஹாட் ஃபீவர் லாஸ்ட் நைட். ஹி வாமிட்டட் ட்வைஸ். ஐ கேவ் ஹிம் பாரசிட்டமால் அட் டென்.' மூன்றே வாக்கியம். இங்கே 'ஹாட்' தனியாக நிற்கும் முதன்மை வினை என்பதைப் போகிறபோக்கில் சொன்னால் போதும். "வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல்" என்பதற்கு 'ஹி ஹாஸ் ஹாட் ஃபீவர் சின்ஸ் ஃப்ரைடே' என்று நாக்கைப் பிசகவிட வேண்டாம். 'இட் ஸ்டார்ட்டிட் ஆன் ஃப்ரைடே' என்றால் டாக்டருக்குத் தேவையானது கிடைத்துவிடும்.