1,150 ரூபாய் மழைக்கோட்டு: தோளில் தேறியது, தையலில் தோற்றது

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நாற்பது வருடங்களாகத் தையல் இயந்திரம் மிதிக்கிறேன். எந்தத் துணியை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பது வழக்கம். இந்த முறை பார்க்கவில்லை. ஜூன் கடைசியில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் ஒதுங்கினேன். மழை விடுவதாக இல்லை. 1,150 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்காரரின் வித்தைதான் என்னைக் கவிழ்த்தது. தோள்பட்டையில் ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்தார். தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்வோமே, அதேபோல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. தடவிப் பார்த்தால் துணி காய்ந்தே இருந்தது.

அதையே வீட்டில் பேரனுக்குச் செய்துகாட்டினேன். பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. “துணி நனையவில்லை, சரி. தண்ணீர் ஈரமா தாத்தா?” என்று கேட்டான். ஈரமில்லாத தண்ணீர் எங்கேயடா இருக்கிறது என்றேன். பாதரசம்கூடத் திரவம்தான், ஆனால் கண்ணாடியை நனைக்காது என்றான். துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் துளிக்குள் உண்டாகும் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயராம். அது 90 பாகைக்குக் குறைந்தால் திரவம் பரவி நனைக்கும், கூடினால் திரண்டு நிற்குமாம். ஈரம் என்பது தண்ணீரும் துணியும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயமாம். நான் தலையாட்டியதும் கட்சி மாறிவிட்டான். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன, ஆகவே தண்ணீர் தன்னைத்தானே நனைத்துக்கொள்கிறது என்றான். இவனை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொன்னேன். மழை நனைத்தது, சட்டை நனைந்தது என்கிறோம். தண்ணீர் நனைந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கொடியில் கிடக்கிற வேட்டியைத் தொட்டு “இன்னும் ஈரம்” என்போம். குடத்துக்குள் கையை விட்டால் “ஜில்லென்று இருக்கிறது” என்றுதானே சொல்கிறோம்?

வழக்கு அப்படியே நிற்க, கோட்டுக்கு வருகிறேன். ஜூலை முதல் வாரம் சயான் நிலையத்திலிருந்து வீடு வரை இருபது நிமிடம் நல்ல மழையில் நடந்தேன். முதுகும் மார்பும் காய்ந்திருந்தன. அக்குளிலும் கைகளின் ஓரத்திலும் மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஈரம். திருப்பிப் பார்த்தேன். துணிக்கு உள்பூச்சு இருக்கிறது, ஆனால் தையல் துளைகளை மூடும் டேப் ஒட்டவில்லை. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அங்குலத்துக்குப் பத்துத் தையல், கையின் நீளம் 24 அங்குலம் என்றால் ஒரு கைத்தையலில் மட்டும் 240 துளைகள். போதாக்குறைக்குப் பருத்தி கலந்த நூல். விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதுபோல் குடிக்கிறது. எங்கள் சந்தில் புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட இதைச் செய்ய மாட்டான்.

ஜிப் நன்றாக ஓடுகிறது, மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாகப் பிடிக்கிறது, தோளில் பையோடும் போட முடிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சோப்புத்தூளில் மட்டும் துவைக்காதீர்கள். மூன்று முறை துவைத்ததும் தோளில் தண்ணீர் உருளாமல் பரவத் தொடங்கிவிட்டது. தண்ணீரை முத்தாகத் திரட்டி வைக்கிற பரப்பு இழுவிசையைத் துணியில் தங்கிய சோப்பு குறைத்துவிடுகிறது என்றான் பேரன். வெறும் தண்ணீரில் நாலைந்து முறை அலசியபிறகு பாதி முத்துகள் திரும்பி வந்தன.

இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். டேப் ஒட்டியிருந்தால் நாலு. அக்குளில் நானே டேப் வாங்கி, மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது அங்கே ஒழுகவில்லை. கோட்டுப் பையின் மூலைக்குள் இஸ்திரிப்பெட்டி நுழையாததால் அது அப்படியே இருக்கிறது. நேற்று அதிலிருந்த ரயில் பாஸ் ஊறி எழுத்து கரைந்துவிட்டது. பேரன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதில் எது ஈரம் தாத்தா, பாஸா தண்ணீரா?” என்றான். பதில் சொல்லாமல் அவன் பாஸைக் கேட்டேன். தரவில்லை.