செகோவியாவா, டொலேடோவா?

மாட்ரிடில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு நாள் மிச்சமானால் எழும் கேள்வி இது. இரண்டு ஊர்களுக்குமே அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். கோட்டை, பேராலயம், யுனெஸ்கோ முத்திரை எல்லாம் இரண்டுக்கும் உண்டு. ஆகவே, ஊரார் சொல்லும் கதைகளை வைத்துத்தான் நான் தரம் பிரிப்பேன்.

செகோவியாவின் கதை ஊர் நடுவே 28 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ரோமானியர் சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய தொட்டிப்பாலம் அது. ஊரார் கணக்கில் சாத்தான் ஒரே இரவில் கட்டியது. மேட்டுக்குக் குடம் சுமந்து அலுத்துப்போன வேலைக்காரப் பெண், சேவல் கூவுமுன் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் தன் ஆன்மாவையே தருவதாகப் பேரம் பேசிவிட்டாள். கடைசிக் கல் அவன் கையில் இருக்கும்போதே விடிந்துவிட்டது. கற்களில் உள்ள குழிகள் அவன் விரல் தடமாம். தூக்குவதற்கு இரும்புக் கொறடு பிடித்த இடம் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். 2019இல் சாத்தான் கைபேசியில் தன்னையே படமெடுப்பதுபோல் சிலை வைத்தார்கள். அவனை இத்தனை சிரித்த முகமாகக் காட்டுவதா என்று எதிர்ப்பும் கிளம்பியது.

நல்ல கதைதான். ஆனால் ரயிலடியிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கண்ணில் பட்டுவிடுகிறது. அல்காசர் கோட்டை அழகு. 1862இல் எரிந்து, பிறகு புதுப்பித்தது.

டொலேடோவில் கதைகளைத் தேட வேண்டும். 999இல் கட்டிய சிறு மசூதி ஒன்றின் எதிரே, தரையில் ஒரு வெள்ளைக் கல். 1085இல் முஸ்லிம்களிடமிருந்து நகரைப் பிடித்த கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் குதிரை மண்டியிட்ட இடமாம். அங்கே சுவரை இடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிலுவை, பக்கத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அணையாத விளக்கு!

எனக்குப் பிடித்தது சான் மார்ட்டின் பாலத்தின் கதை. சாரத்தைப் பிரித்தால் வளைவு சரிந்துவிடும் என்று கொத்தனாருக்குக் கடைசி நேரத்தில்தான் உறைக்கிறது. சொன்னால் மானம் போகும். அவன் மனைவி இரவோடு இரவாகச் சாரத்துக்குத் தீ வைத்துவிடுகிறாள். இடி விழுந்தது என்று ஊர் நம்ப, அவன் சரியாக மறுபடி கட்டுகிறான். பிறகு அவளே பேராயர் தெனோரியோவிடம் போய் உண்மையைச் சொல்ல, அவர் மன்னித்துவிடுகிறார்.

இரண்டுமே ஓரிரவுக் கதைகள். அங்கே சாத்தான் கட்டுகிறான், இங்கே ஒரு பெண் எரிக்கிறாள். என் ஓட்டு எரித்தவளுக்கு.

குழந்தைகளோடு காலையில் போய் மாலையில் திரும்புவதானால் செகோவியா போதும். டொலேடோ என்றால் இரவு தங்குங்கள். மேடேற நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள்; அப்படியும் கால் வலிக்கும். சுற்றுலாக் கூட்டம் கிளம்பியதும் பாலத்துக்கு இறங்கிப் போய், வளைவின் உச்சியைப் பாருங்கள். அங்கே செதுக்கியிருக்கும் சிறு உருவம் அந்த மனைவிதான் என்பார்கள்.