பிளைவுட் அறுக்க எந்த மிஷின்? வாட்ஸை விடுங்க, அடித்தகட்டைப் பாருங்க

நம்ம ஊர் மர வேலையில் இன்னமும் 4 இன்ச் மார்பிள் கட்டர்தான் ராஜா. விலை குறைவு, கைக்கு அடக்கம், 18 எம்எம் பிளைவுட் சுலபமாக அறுபடும். ஆனால் 8 அடி நீளத்துக்கு அரை நூல் பிசகாமல் வேண்டும் என்றால் அது ஒத்துவராது. பலகைமேல் உட்காரும் அடித்தகடு சின்னது, கை லேசாகத் திரும்பினாலே கோடும் திரும்பிவிடும். கல்லுக்குச் செய்த மிஷின் என்பதால் பெரும்பாலும் 12,000 சுற்றுக்கு மேல் ஓடும், தானாக மூடும் கீழ் உறையும் இருக்காது. மரப் பிளேடு மாட்டி, அது சிக்கி மிஷின் பின்னால் உதைத்தால் விரல் போகும்.

மரத்துக்கென்றே செய்த வட்ட பிளேடு கைமிஷினான 7 இன்ச் சர்க்குலர் சாவுக்கு மாறுவதுதான் சரி. கடையிலேயே அடித்தகட்டைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பிளேடை முழுசாக இறக்கி, ஒரு பல்லில் மார்க்கர் குறி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் நிறுத்தித் தகட்டு விளிம்புவரை அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அரை எம்எம்முக்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்பற்கள் மரத்தை உரசும், அறுத்த விளிம்பு கருகும். தகரத் தகடு ஒருமுறை கீழே விழுந்தாலே வளையும், வளைந்தது தெரியவும் தெரியாது. வார்ப்பு அலுமினியம் உடையும். உடைந்தால் கண்ணில் படுமே, அதுவே மேல்.

90 டிகிரிக்கு மிஷினில் உள்ள குறியை நம்பாதீர்கள். ஒரு துண்டை அறுத்து, ஒரு பாதியை மட்டும் புரட்டி வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி உண்மையான பிசகைப்போல் இரண்டு மடங்கு.

மிஷினோடு வரும் 24 பல் பிளேடு கட்டையை நீளவாக்கில் கிழிக்கத்தான். பிளைவுட்டுக்கு 40 பல், மைக்கா ஒட்டியதற்கு 60. சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்முகம்தான் சிதறும். நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். மேசைக்கு மேலே பிளேடு நீட்டி நிற்கும் டேபிள் சாவில் இது தலைகீழ். பிளேடு பலகைக்குக் கீழே 5 எம்எம் நீட்டினால் போதும். ஷீட்டின் இரு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்தால் நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்வும், மிஷின் பின்னால் எகிறும். அடியில் நாலு ரீப்பர் (நீளமான மெல்லிய கட்டை) போடுவது அதற்காகத்தான்.

நேர்கோட்டுக்கு 6 எம்எம் பிளைவுட் பட்டைமேல் நேரான இன்னொரு பட்டையை ஒட்டி, அதை அணைத்து மிஷினை ஒருமுறை ஓட்டினால் வழிகாட்டி தயார். அறுபட்ட விளிம்பைப் பென்சில் கோட்டில் வைத்துக் கிளாம்ப் போட்டால் வெட்டு அங்கேயே விழும். வேறு தடிமன் பிளேடு போட்டால் அந்த விளிம்பு செல்லாது.

நாளாக ஆக வெட்டு கருகினால் உடனே பிளேடை மாற்ற வேண்டாம். பல்லில் படிந்த பசைதான் பல சமயம் காரணம். சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்துப் பாருங்கள்.

ஜிக் சா வளைவுகளுக்கு மட்டும். தடித்த கட்டையில் பிளேடு வளைந்து அடிப்பக்கம் கோடு விலகும். தினமும் கிச்சன் பேனல் அறுப்பவர்களுக்கு நேரான டிராக்மேல் வழுக்கி ஓடும் டிராக் சா போட்ட காசுக்குப் பலன் தரும். 8 அடிக்கு இரண்டு 1400 எம்எம் டிராக்கை இணைக்கும்போது இணைப்பில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள்.