கல்வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு: சில குளிர்காலங்கள் கழித்து

இத்தாலியின் உம்பிரியாவில், தைபர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேட்டில் இருக்கிறது எங்கள் பழைய பண்ணை வீடு. கீழ்த்தளச் சுவர்கள் அரை மீட்டருக்கும் மேல் கனமான கல். அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. முன்பு இருந்தவர்கள் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணிலிருந்து ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல், சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேலே உப்பாகப் பூத்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு என்எச்எல் 3.5 என்கிற, தண்ணீர் சேர்ந்தால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பைப் பூசினோம்.

ஓதம் நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. சுண்ணாம்பு அதை மெல்ல ஆவியாக வெளியே விடுகிறது. உப்பு முன்போல் பூப்பதில்லை, அலமாரிக்குப் பின்னால் அடித்த பூஞ்சை வாடையும் போய்விட்டது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று காயவிடச் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பத்து நாள். 5 டிகிரிக்குக் கீழே பூசவே கூடாது, அதனால் இங்கே குளிர்காலம் முழுக்கக் கரண்டிக்கு ஓய்வு. கோடையில் எதிர்ப் பிரச்சினை: வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை நாளை நடத்துவது கொத்தனார் அல்ல, கடைக்காரர்தான். பன்னிரண்டரை வாக்கில் கட்டுமானப் பொருள் கடையை மூடினால் மூன்றரைக்குத்தான் திறப்பார். 25 கிலோ மூட்டை, சல்லடை, கம்பிவலை, என்ன வாங்குவதானாலும் காலையிலேயே முடித்தாக வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கிற நாளென்றால், வழியில் புகையிலைக் கடையில் விண்ணப்பத்தில் ஒட்டும் 16 யூரோ முத்திரை வில்லையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்பூச்சுக்கு மட்டும் பொதுவாக அனுமதி கேட்பதில்லை. பாரம்பரியக் கட்டடமாகப் பதிவான வீடு என்றால் அது வேறு கதை. திரும்பி வந்து சாந்து கலக்கும் இயந்திரத்தைப் போடும்போது வீட்டில் யாராவது மின் அடுப்பையும் வெந்நீர் கொதிகலனையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் போய்விடும். இங்கே வீடுகளுக்கு வழக்கமான இணைப்பு வெறும் 3 கிலோவாட்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாற்காலி முதுகு உரசினால் பொடி உதிரும். ஆணி சுவரில் நிற்காது, உள்ளே கல்லைத் துளைத்துத்தான் கனமானதை மாட்ட முடியும். சமையல் அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க்கறை பிடித்தால் போகாது, அங்கே ஓடு ஒட்டிவிடுங்கள். முடி போல மெல்லிய வெடிப்புகள் வரும். எனக்கு அவை உறுத்தவில்லை, என் மனைவிக்கு உறுத்துகின்றன.

பூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் அதன்மேல் செய்யும் வேலைதான். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சிமெண்ட் பூசியதற்குச் சமம், சுண்ணாம்பு வெள்ளையோ சிலிக்கேட் பெயின்டோ போதும். மின்வேலைக்கு வந்தவர் சுவிட்சுப் பெட்டிகளைச் சுற்றி ஜிப்சம் வைத்து அடைத்துவிட்டுப் போனார். ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சும். அந்த வட்டங்கள் மட்டும் உப்பிக் கொட்டின, மற்ற சுவர் அப்படியே இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே மின்பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

திரும்பவும் போடுவேனா? கீழ்த்தளத்துக்குக் கண்டிப்பாக. ஓதம் ஏறாத மாடிக்கு இவ்வளவு காத்திருப்பு தேவையில்லை என்று தோன்றுகிறது. மூட்டைகளை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், ஈரக்காற்று பட்டாலே உள்ளுக்குள் கட்டியாகிவிடும்.